கலகத் தலைவர்கள் ரெண்டு பேர், ஆனா எல்லா பிளேயரும் ஒருத்தர் பக்கமே சாயறாங்க: எங்கே கோளாறு?

சுரங்கப்பூனை:

சின்ன டீம், ஸ்டெல்த் கேம் (எதிரி கண்ணுல படாம ஒளிஞ்சு ஆடறது), கதையில தேர்வுகள் உண்டு. களம் ஒரு சுரங்க நகரம். ஆளுநருக்கு எதிரா தொழிலாளர்கள் எழுந்திருக்காங்க. கலகத்துக்குத் தலைவர்கள் ரெண்டு பேர், ஒருத்தருக்கொருத்தர் ஆகாது.

இளமதி இன்னிக்கு ராத்திரியே மின்நிலையத்தைத் தகர்க்கணும்கிறா. கரன்ட் போனா ஆளுநர் படையோட கதவு, கேமரா, ரேடியோ எல்லாம் படுத்துடும். ஆனா அதே லைன்லதான் மருத்துவமனையும் இருக்கு. கொற்றன் மூணு நாள் பொறுக்கச் சொல்றார். கைதிகள் பரிமாற்றத்துக்கு ஆளுநர் ஒத்துக்கிட்டாச்சு, 40 பேர் உயிரோட வருவாங்க. பதிலுக்கு, முகாம்ல ஒளிஞ்சிருக்கிற வெடிமருந்துக்காரப் பையன் மாசியை ஒப்படைக்கணும்.

மொத்தம் 3 கட்டம், 2-வது கட்டத்தோட நடுவுல இந்தத் தேர்வு வருது. 1-வது கட்டத்துல பிளேயரைச் சிறையிலிருந்து மீட்கிறது இளமதி. கொற்றன் 2-வது கட்டத் தொடக்கத்துல கட்சீன்ல (பிளேயர் ஆடாம பார்க்க மட்டும் செய்யற காட்சியில) அறிமுகம் ஆகிறார். தேர்வுத் திரையில மேலே “மின்நிலையத்தைத் தகர்த்து நகரை விடுவி”, கீழே “கொற்றன் சொல்வதைக் கேள்”. முதல் மிஷன் வெடிகுண்டு வைக்கிறது, ரெண்டாவது மாசியைப் பத்திரமா கூட்டிட்டுப் போறது.

எழுதும்போது ரெண்டும் சமமாத்தான் தெரிஞ்சது. டெஸ்ட் பண்றவங்க கிட்டத்தட்ட எல்லாரும் இளமதி பக்கம் போறாங்க. ஏன்னு கேட்டா “கொற்றன் துரோகி மாதிரி தெரியறார்”ங்கிறாங்க. எதை மாத்தணும்? தேர்வுக்கு அப்புறம் பிரியற கதைக்கிளை, அதாவது பிராஞ்ச், எவ்வளவு தூரம் தனியா ஓடலாம்? தலைவர்கள் பிளேயர் மேல வச்சிருக்கிற நம்பிக்கை அளவை மீட்டரா காட்டலாமா? கடைசியில ரெண்டு பேருமே கெட்டவங்களா மாறினா எடுபடுமா?

கதைமுடிச்சு:

கொற்றன்கிட்ட கோளாறு இல்லைங்க. அவருக்கு நீங்க கொடுத்திருக்கிற காட்சிகள்லதான் கோளாறு.

மாசிக்குப் பேர் இருக்கு, முகம் இருக்கு, குரல் இருக்கு. மருத்துவமனையில சாகப்போறவங்களுக்கு ஒண்ணுமே இல்லை. 40 கைதிகளும் வெறும் எண். ஒரு பக்கத்துப் பாவம் திரையில நடக்குது, இன்னொரு பக்கத்துப் பாவம் ஒரு வரி டயலாக்ல கடந்து போயிடுது. எண்ணுக்காக ஆளைக் கொடுக்கச் சொன்னா எந்த பிளேயரும் கொடுக்க மாட்டான்.

1-வது கட்டத்துல சிறையிலிருந்து தப்பிக்கிற வழியை மருத்துவமனை வார்டுக்குள்ள கொண்டு போங்க. பிளேயர் கட்டிலுக்கடியில ஒளிஞ்சிருக்கும்போது 4 விநாடி கரன்ட் போகட்டும். மூச்சுக் கருவி நின்னுடுது, நர்ஸ் ஓடிவந்து கையால பையை அமுக்கிக் காத்து கொடுக்கிறா. அந்த 4 விநாடி இருட்டுலதான் பிளேயர் காவலாளியைத் தாண்டி ஓட முடியும். இருட்டு தனக்கு உதவுது, அதே இருட்டு யாரையோ கொல்லப் பார்க்குது, ரெண்டையும் அவன் விரல்களே கத்துக்கும். அப்புறம் இளமதி திட்டத்தை விளக்கும்போது மருத்துவமனையைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கைதிகளுக்கும் ஒரே ஒரு முகம் போதும். முகாம் சமையல்காரியோட புருஷன் அந்த 40-ல ஒருத்தனா இருக்கட்டும். அவ தினமும் ராத்திரி அவனோட தட்டையும் கழுவி வைக்கிறா. பிளேயர் கிளிக் பண்ணினா “வந்தா வேணுமில்ல?”ன்னு ஒரு வரி, அவ்வளவுதான். கட்சீன் வேண்டாம், அழுகை வேண்டாம். முகாம்ல பிளேயர் கட்டாயம் நடந்து போற பாதையில அவளை வைங்க, மூலையில வச்சா பாதிப்பேர் பார்க்கவே மாட்டாங்க.

அடுத்தது அந்தத் தேர்வுத் திரை. மேலே இருக்கிற வரியில “விடுவி”ங்கிற தீர்ப்பு ஏற்கெனவே இருக்கு. கீழே “கேள்”ங்கிறது கீழ்ப்படியச் சொல்லுது. கீழ்ப்படியறதுக்கு யாரும் கேம் ஆடறதில்லை. “இன்றிரவு மின்நிலையம்”, “மூன்று நாள் கழித்துப் பரிமாற்றம்” போதும். ரெண்டும் பெயர்ச்சொல்லா, கிட்டத்தட்ட ஒரே நீளமா இருக்கட்டும். மேல்-கீழ் இடத்தை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாத்திப் போடுங்க.

சிறையிலிருந்து மீட்டது இளமதிங்கிறதால அவ பக்கம் மட்டும் சேர்ற நன்றிக்கடனைச் சுலபமா சரிபண்ணலாம். சிறைக்குள்ள சாவியைக் கடத்திக் கொண்டுவந்து போடறது கொற்றனோட ஆள், கதவுக்கு வெளியே காத்திருக்கிறது இளமதி. அப்போ ரெண்டு பேருக்கும் பிளேயர் கடன்பட்டவன்.

கடைசியா, எஸ்கார்ட் மிஷன். ஆளைப் பத்திரமா கூட்டிட்டுப் போகணும்னாலே பிளேயர்கள் தெறிச்சு ஓடுவாங்க. நிறைய கேம் அப்படிப் பழக்கியிருக்கு: கூட வர்றவன் நம்ம வேகத்துல நடக்க மாட்டான், தானா போய் சண்டையில மாட்டுவான், அவன் செத்தா முதல்லேருந்து. உங்க டெஸ்டர்கள் அறத்தைத் தேர்ந்தெடுத்தாங்களா, போரடிக்கிற மிஷனைத் தவிர்த்தாங்களான்னு இப்போதைக்குச் சொல்லவே முடியாது. மாசி பிளேயரோட வேகத்துக்கே நடக்கணும், பிளேயர் குனிஞ்சா அவனும் குனியணும், காவலாளி கண்ணுல அவன் படக்கூடாது. அந்த மிஷனும் வெடி வைக்கிற மிஷன் அளவுக்கு 15 நிமிஷம் ஓடட்டும். பரிசும் ஒரே மதிப்புல இருக்கணும். ஒரு பக்கம் புது ஆயுதம், இன்னொரு பக்கம் வெறும் நன்றின்னா தேர்வு அங்கேயே முடிஞ்சுபோச்சு.

பழைய_கார்ட்ரிட்ஜ்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் வெறும் சமன்பாடாக ஆக்கிவிடாதீர்கள். இந்த வகைத் தேர்வுக்கு இன்றும் நான் முதலில் காட்டுவது டாக்டிக்ஸ் ஓகர். 1995-இல் சூப்பர் ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ கேம் கருவியில் வந்தது. 2022-இல் ரீபார்ன் என்று மறுபடி வந்திருக்கிறது.

அதில் பிளேயர் ஆடுவது டெனம். ஒடுக்கப்பட்ட வாலிஸ்டர் மக்களின் தலைவர் ரான்வே பிரபு. பால்மமூசா நகரத்துச் சொந்த மக்களைக் கலகத்துக்குக் கூப்பிடுகிறார்கள், அவர்கள் வரவில்லை. அப்போது பிரபுவின் உத்தரவு வருகிறது: ஊரையே கொன்றுவிட்டுப் பழியை எதிரி மேல் போடு, மற்ற வாலிஸ்டர்கள் தாமாக எழுவார்கள். உத்தரவைக் கொண்டுவரும் லியோனார் கொடூரன் அல்ல, அவனுக்கும் அது கசக்கிறது. ஒப்புக்கொண்டால் ஒரு பாதை, மறுத்தால் வேறு பாதை. அடுத்த அத்தியாயமே மாறிப்போகிறது.

அங்கே கவனிக்க வேண்டியவன் வைஸ், டெனமின் பால்ய நண்பன். நீங்கள் கொலைக்கு ஒப்புக்கொண்டால் அவன் மறுத்து விலகுகிறான். நீங்கள் மறுத்தால் அவன் ஒப்புக்கொண்டு எதிரே நிற்கிறான். நீங்கள் எந்தப் பக்கம் போனாலும், போகாத பக்கத்தின் வாதத்தை நண்பன் வாயாலேயே கேட்க வேண்டியிருக்கும். உங்கள் கதையில் அந்த வேலைக்குச் சமையல்காரியே பொருத்தம். மாசியைக் கொடுக்காவிட்டால் அவள் புருஷன் வரமாட்டான். கொடுத்தால், தினமும் சோறு போட்ட பையன் எங்கே என்று கேட்பவளும் அவளே.

தவறாகப் போனதற்கு டிராகன் ஏஜ் 2 (2011). மந்திரவாதிகளின் ஆர்சினோவா, அவர்களை அடக்கும் மெரடித்தா என்று ஆட்டம் முழுக்க உங்களை இழுத்துவிட்டு, யாரைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் இருவரோடும் சண்டை போட வைக்கிறது. ஆர்சினோ பக்கம் நின்றவர்களுக்கும் அவர் இரத்த மந்திரத்தில் இறங்கி அரக்கனாகிறார். பாஸ் சண்டை (பெரிய எதிரியோடு மோதும் சண்டை) ஒன்று குறைந்துவிடக் கூடாது என்பதைத் தவிர அதற்குக் கதையில் வலுவான காரணம் தென்படவில்லை. பிளேயர்கள் கோபப்பட்டதில் வியப்பில்லை.

இருவரும் கெட்டவர்களாவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஃபார் க்ரை 4 (2014) அதைத்தான் செய்கிறது. அதிலும் கலகத்துக்கு அமிதா, சபல் என்று இரண்டு தலைவர்கள். அமிதா போதைப்பயிர் வயல்களை வருங்கால அரசின் வருமானமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறாள்; சபல் எரிக்கச் சொல்கிறான், மரபையும் கோயிலையும் காக்க நினைக்கிறான். அமிதா ஜெயித்தால் கிராமத்துப் பிள்ளைகளைத் துப்பாக்கி முனையில் படைக்கும் வயலுக்கும் இழுக்கிறாள். சபல் ஜெயித்தால் பத்ரா என்ற சிறுமியைத் தெய்வப் பெண்ணாக நிறுத்தி, அமிதாவின் ஆட்களைக் கோயில் வாசலில் கொல்கிறான். என் கணக்கில் இது பாதி வெற்றி. சபலின் முடிவு முன்பே தெரிகிறது. பத்ராவை அவன் எப்படிப் பார்க்கிறான் என்பது காட்சிக்குக் காட்சி வருகிறது. அமிதாவின் முடிவுக்கு அவ்வளவு விதை தூவப்படவில்லை.

உச்சிமணி:

அமிதா விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். “நாடு நடத்தக் காசு வேணும், காசுக்கு இந்தப் பயிர்தான் இருக்கு”ன்னு அவ வாயாலேயே சொல்றா. அந்தப் பயிரை அறுக்க ஆள் எங்கேருந்து வரும்? அதுக்குப் பதில்தான் கடைசிக் காட்சி. நாம கேக்க மறந்த கேள்வி அது. விதை இருக்கு, சபலோடது மாதிரி கண்ணுக்கு முன்னாடி இல்லை, அவ்வளவே.

அந்த கேமோட உண்மையான குறும்பு வேற இடத்துல இருக்கு. தொடக்கத்துல அந்த நாட்டுச் சர்வாதிகாரி பேகன் மின் நம்மளை விருந்து மேஜையில உட்காரவச்சு, காத்திருன்னு சொல்லிட்டு எழுந்து போறான். எல்லாரும் உடனே தப்பிச்சு ஓடுவாங்க. ஓடாம கால் மணி நேரத்துக்குக் கிட்ட உட்கார்ந்தா அவன் திரும்பி வந்து, நம்ம அம்மாவோட அஸ்தியை வைக்க வேண்டிய இடத்துக்குக் கூட்டிட்டுப் போறான், கேம் முடிஞ்சது. அமிதா, சபல் ரெண்டு பேருமே தேவைப்படலை. தேர்வுத் திரைக்கு வெளியிலயும் ஒரு தேர்வு வைக்கலாம்ங்கிறதுக்கு நல்ல உதாரணம்.

நிலைமாறி:

பிராஞ்ச் கணக்குக்கு வருவோம்.

3 கட்டம். 1-வது கட்டத்தின் முடிவிலேயே கதையை முழுசாகப் பிரித்தால் 1 + 2 + 2, ஆக 5 கட்டத்துக்கான வேலை. ஒரு பிளேயர் பார்ப்பது 3. உழைப்பில் 40 சதவீதத்தை ஒருமுறை ஆடுகிறவர் பார்க்கவே மாட்டார். விட்சர் 2 (2011) இப்படித்தான் செய்தது: முதல் அத்தியாய முடிவில் அயார்வெத், ரோஷ் இருவரில் யாரோடு சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாம் அத்தியாயத்தின் முகாமே வேறு. பிரமாதமாக இருந்தது, ஆனால் அது பெரிய ஸ்டுடியோ. சின்ன டீமுக்கு நான் சொல்வது: தேர்வுக்குப் பிறகு ஒரே ஒரு மிஷன் தனித்தனி, அதோடு பொதுப்பாதைக்குத் திரும்புங்கள். மூன்றாம் கட்டத்தில் வரைபடம் ஒன்றே, ஆனால் நுழையும் வாசல், கூட வருகிறவர், காவல் நிலைமை மூன்றும் மாறட்டும். மின்நிலையம் போயிருந்தால் கேமரா இல்லை, ஆனால் டார்ச் லைட்டோடு ரோந்து இரண்டு மடங்கு. பரிமாற்றம் நடந்திருந்தால் கேமரா உண்டு, ஆனால் விடுதலையான கைதி ஒருவர் சுரங்கத்தின் உள்வழியைக் காட்டுவார்.

மீட்டர் பற்றி. இளமதிக்கும் கொற்றனுக்கும் நடுவே ஒரே அளவுகோல் வைத்து இடம் வலமாகத் தள்ளாதீர்கள். ஒருவருக்குச் செய்த நல்லது மற்றவருக்குச் செய்த கெட்டதாக ஆகிவிடும். ஃபால்அவுட் நியூ வேகஸ் (2010) ஒவ்வொரு கூட்டத்துக்கும் நற்பெயரையும் கெட்டபெயரையும் தனித்தனியே எண்ணுகிறது. ஒன்று மற்றொன்றை அழிக்காது. டிரனி (2016) அதேபோல ஆதரவு, கோபம் என இரண்டை வைத்து, கோபம் ஏறினாலும் புதிய திறன்களைக் கொடுக்கிறது. உங்களுக்கு நான்கு வேரியபிள் போதும்: இளமதி நம்பிக்கை, இளமதி கசப்பு, கொற்றன் நம்பிக்கை, கொற்றன் கசப்பு. ஒவ்வொன்றும் 0 முதல் 5 வரை. எண்ணைத் திரையில் காட்ட வேண்டாம். காட்டினால் பிளேயர் எண்ணைத் துரத்துவார், தலைவர்களை மறந்துவிடுவார். அதற்குப் பதில் முகாமில் தெரியட்டும்: கசப்பு 3-ஐத் தாண்டினால் கொற்றன் உட்காரச் சொல்லமாட்டார், அவருடைய ஆள் வரைபடத்தைச் சுருட்டிவிடுவான்.

தலைவரின் நிலையைத் தனியே வையுங்கள்: உடன் இருக்கிறார், விலகியிருக்கிறார், பகை, இறந்துவிட்டார். ஒருவருக்கு 4, இருவருக்கும் சேர்த்து 16 சேர்க்கைகள். ஒரு தாளில் கட்டம் போட்டு, கதையில் நடக்கவே முடியாதவற்றை அடியுங்கள். இருவரும் இறந்தது, இருவரும் பகை மாதிரி. ஆறோ ஏழோ மிஞ்சினால் போதும். அடித்த கட்டம் ஒவ்வொன்றுக்கும் கோடில் ஒரு தடை எழுதுங்கள், அந்த நிலை வந்தால் டெஸ்ட் பில்டில் சத்தமாக எரர் வரட்டும்.

அதிகம் உடையும் இடம் ஃப்ளாக் (ஒன்று நடந்ததா இல்லையா என்று கோடில் வைக்கும் குறி) எப்போது மாறுகிறது என்பது. பட்டனை அழுத்தியதும் “இளமதியைத் தேர்ந்தெடுத்தார்” என்று மாற்றிவிட்டு, மிஷனில் தோற்று பழைய சேவுக்கு (சேமித்து வைத்த இடத்துக்கு) போனால், முகாமில் இருக்கிறவர்கள் நடக்காத வெடிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ‘தேர்வு செய்தார்’, ‘மிஷன் முடிந்தது’ என்று இரண்டு ஃப்ளாக். இரண்டும் சேவ் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும், வெளியே குளோபலாக அல்ல. முகாம் பேச்சு இரண்டாவதை மட்டும் பார்க்கட்டும். அதேபோல், இறந்தவர் பெயரில் வழிப்போக்கு வசனங்கள் மிஞ்சியிருக்கும். பேசுகிறவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை ஒவ்வொரு வசனத்திலும் எழுதாமல், வசனத்தை ஓட்டும் ஃபங்ஷனிலேயே ஒரே இடத்தில் சரிபாருங்கள்.

சுரங்கப்பூனை:

வார்டு காட்சியும் தட்டும் உடனே எடுத்துக்கிறேன், நன்றி கதைமுடிச்சு. நிலைமாறி சொன்ன ரெண்டு ஃப்ளாக் இல்லாததுதான் இப்போ வர்ற ஒரு பக்குக்கும் காரணம்னு நினைக்கிறேன்.

இன்னும் ரெண்டு கேள்வி. மாத்தின பிறகு சமமாச்சான்னு எத்தனை பேரை வச்சுத் தெரிஞ்சுக்கறது? அப்புறம், தேர்வுக்கு முன்னாடி சேவ் பண்ணிக்கிட்டு ரெண்டையும் பார்த்துட்டு நல்லதா ஒண்ணை வச்சுக்கறவங்களை என்ன செய்யறது?

நிலைமாறி:

எட்டுப் பேரை வைத்து 6-2 வந்தால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. தேர்வு உண்மையிலேயே சமமாக இருந்தாலும் 6-2 அல்லது அதைவிடச் சாய்வாக வர 29 சதவீத வாய்ப்பு உண்டு. 8-0 வந்தால் விஷயம் வேறு. சமமான தேர்வில் அப்படி வருவது 128-இல் ஒரு முறை. முதலில் எட்டுப் பேர், ஒருபக்கமாகச் சாய்ந்தால் திருத்தம், சாயவில்லையென்றால் இன்னும் இருபது பேர். ஒரே நபரை இரண்டு முறை எண்ணாதீர்கள். 50-50 தேவையே இல்லை. மூன்றில் ஒருவர் மறுபக்கம் போனாலே இரண்டும் உயிரோடிருக்கும் பக்கங்கள்.

கதைமுடிச்சு:

எண்ணிக்கையைவிடப் பதிலைக் கேளுங்க. தேர்வுத் திரை வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி ஆட்டத்தை நிறுத்தி, “இளமதி சொன்னபடி செஞ்சா யாருக்கு என்ன ஆகும்? கொற்றன் சொன்னபடி செஞ்சா?”ன்னு கேளுங்க. ரெண்டுக்கும் ஆள் பேரோட பதில் வந்தா காட்சி வேலை செய்யுது. ஒண்ணுக்கு “தெரியலை, ஏதோ கெட்டது”ன்னு வந்தா அந்தப் பக்கத்துக்கு இன்னும் ஒரு காட்சி தேவை. தேர்ந்தெடுத்த பிறகு காரணம் கேட்கிறதுல பெரிசா பயனில்லை. செஞ்சதை நியாயப்படுத்தத்தான் எல்லாரும் பேசுவாங்க. “துரோகி மாதிரி தெரியறார்”ங்கிறதும் அந்த வகைதான்.

பழைய_கார்ட்ரிட்ஜ்:

சேவ் விஷயத்தில் பிளேயரோடு மல்லுக்கட்ட வேண்டாம். விளைவைத் தள்ளிப் போடுங்கள். முதல் விட்சரில் (2007) ஒரு ராத்திரி ஹாரன் பிராக் என்பவரின் பெட்டிகளைக் காவல் காக்கச் சொல்வார்கள். ஸ்கோயாடெய்ல் கலகக்காரர்கள் வந்து, அது தங்களுக்கு வரவேண்டிய சரக்கு என்பார்கள். கொடுத்துவிட்டால் அப்போதைக்கு எல்லாம் சுமுகம். அடுத்த அத்தியாயத்தில், உங்கள் விசாரணைக்குத் தேவையான கோல்மன் என்ற ஆள் அவர்கள் கையால் செத்துக் கிடக்கிறான். அதற்குள் எத்தனையோ மணி நேரம் ஓடிவிட்டது, பழைய சேவைத் தேடிப் போக யாருக்கும் மனம் வராது.

உங்களுக்கு 3 கட்டம்தான் என்பதால் இரண்டாகப் பிரியுங்கள். சின்ன விளைவு உடனே வரட்டும்: முகாமில் யார் பேசுகிறார், யார் முகத்தைத் திருப்புகிறார். பெரியதை மூன்றாம் கட்டத்தின் நடுவில் வையுங்கள். மாசி ஆளுநரிடம் என்னென்ன சொன்னான், மருத்துவமனையில் அன்றிரவு யார் போனார்கள் என்பது அங்கே தெரியட்டும். ரீபார்ன் போல, ஆட்டம் ஒருமுறை முடிந்த பிறகு கிளை பிரிந்த இடத்துக்கே திரும்பிப் போக அனுமதியுங்கள். அந்த வசதி உண்டு என்று தெரிந்தால் முதல் ஆட்டத்தில் பின்னோக்கிப் போகிற அரிப்பும் குறையும்.

நிலைமாறி:

அப்படித் திரும்ப விடுவதானால், கிளை பிரியும் இடத்தில் மொத்த நிலையையும் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். நம்பிக்கை, கசப்பு, தலைவர் நிலை, கையிருப்புப் பொருள்கள் எல்லாம். முடிந்துபோன ஆட்டத்தின் ஃப்ளாக்குகளைப் பின்னோக்கி ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வராதீர்கள். ஏதாவது ஒன்று தப்பிவிடும், செத்த மாசி முகாமில் நடந்துகொண்டிருப்பான்.